மூன்று சுற்று: "மந்திரி குமாரி"க்கு இவ்வளவு புகழ் தகுமா?

கொலுசுக்கடைக்காரர்:

சென்ற வாரம் இங்கே ஒரு பெரியவர், நம் சேலத்துப் பட நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட "மந்திரி குமாரி"யின் மலையுச்சிக் காட்சியை மிஞ்சிய காட்சி இன்றுவரை தமிழில் வரவில்லை என்றும், சேலத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த எவரும் அந்தப் படத்தைக் குறை சொல்ல மாட்டார்கள் என்றும் எழுதியிருந்தார். நானும் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து அதே தண்ணீரைக் குடித்தவன்தான். குறை சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜகுருவின் மகன் பார்த்திபன் ஊரறியாமல் கொள்ளைக்கூட்டத் தலைவனாக இருக்கிறான். இளவரசிக்கு அவன் அனுப்பும் காதல் மடல் தவறுதலாக மந்திரியின் மகள் அமுதவல்லியிடம் போய்ச் சேர, அவள் அவனை நம்பி மணந்துகொள்கிறாள். பிறகு அவளைக் கொல்வதற்காக மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். அங்கே அவள், சாவதற்கு முன் கணவனை மூன்று முறை சுற்றி வந்து வணங்க அனுமதி கேட்கிறாள், சுற்றி வருகிறாள், பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நாட்டையே நடுங்க வைத்த கொள்ளைக்காரன், யாரைக் கொல்லப்போவதாக அப்போதுதான் தன் வாயால் சொன்னானோ அவளே தன் முதுகுப் பக்கமாக மூன்று முறை போய் வரும்போது, பாறை விளிம்பில் நட்டுவைத்த கல்லைப் போல் நிற்பானா? முதல் சுற்றை மன்னிக்கலாம், இரண்டாவதையும் போனால் போகிறது என்று விடலாம். மூன்றாவது சுற்று வரை ஒருவன் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறான் என்றால், அவனைக் கொள்ளையர் தலைவன் என்று இரண்டு மணி நேரம் நம்பச் சொன்னவர்கள் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கொலுசில் வேலைப்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் திருகாணி நிற்கவில்லை என்றால் அது காலில் தங்காது. இந்தப் படத்தின் திருகாணி அந்த மூன்றாவது சுற்று.

அஸ்தம்பட்டி ஐயா:

அந்தப் பெரியவர் அடியேன்தான். முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், படத்தைக் குறை சொல்வதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்பதைத் தாங்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்த மூன்று சுற்று, திரைக்கதைக்காக யாரோ உட்கார்ந்து இட்டுக்கட்டியது அன்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதை அது. காப்பியத்தில் நமக்குக் கிடைத்திருப்பவை 19 பாடல்களே. கதையை நீலகேசி உரையின் வாயிலாகத்தான் அறிகிறோம். வணிகர் குலத்துப் பத்திரை, கள்வன் காளனை மணக்கிறாள். அவன் அவளை மலைமேல் கொண்டுபோய்க் கொல்ல முயல, அவள் அவனை வலம் வருவதாகச் சொல்லித் தள்ளிவிடுகிறாள். "தற்கொல்லியை முற்கொல்" என்னும் தொடர் இந்தக் கதையோடு சேர்த்தே சொல்லப்படுவது. கலைஞர் மு. கருணாநிதி அதை நாடகமாக்கிப் பின்னர் திரைக்கு உரையாடல் எழுதினார். ஆயிரம் ஆண்டுகளாகப் புலவர்கள் ஏற்றுக்கொண்ட ஒன்றைச் செவ்வாய்ப்பேட்டை ஏற்காது என்றால் நட்டம் செவ்வாய்ப்பேட்டைக்கே.

கொலுசுக்கடைக்காரர்:

ஐயா, வணக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தவறு நடந்திருந்தால் அது ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள தவறு, அவ்வளவுதான். மேலும், காளன் தனியொரு கள்வன். மரண தண்டனைக்குப் போகும் வழியில் ஒரு பெண் கண்ணில் பட்டதால் பிழைத்தவன். பார்த்திபன் அப்படியா? அப்பன் ராஜகுரு, கையில் ஒரு கூட்டம், வாயில் கொள்ளையும் ஒரு கலையே என்று வாதிடும் அளவுக்குச் சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியசாலி மூன்று சுற்று நிற்கிறான். காப்பியத்தைக் காட்டி இதை மூட முடியாது.

குகை மைந்தன்:

புரட்சித் தலைவர் நாயகனாக அறிமுகமான முதல் படத்தைப் பற்றி இப்படி எழுதக் கை எப்படித்தான் வந்ததோ? தளபதி வீரமோகனாக அவர் வாள் சுழற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

கொலுசுக்கடைக்காரர்:

முதலில் தகவலைத் திருத்திக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்த முதல் படம் 1947இல் வந்த "ராஜகுமாரி". அது ஜூபிடர் நிறுவனத்தின் படம். அடுத்து, நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள். இந்தப் படத்தில் கொள்ளைக்காரனை ஒழித்துக் கட்டுவது நாயகன் அல்லன். வாள் வைத்திருப்பவர் எம்.ஜி.ஆர்., வேலையை முடிப்பவர் மாதுரி தேவி, பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் பார்த்திபனாக வந்த எஸ். ஏ. நடராஜன். வில்லன் அசையாமல் நின்றதனால் முடிந்த கதையில் தளபதி எதற்கு?

மலைக்காப்பி:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். "மிகைப்புகழ்" என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது. வசூலா, நடிப்பா, காலத்தைத் தாண்டி நிற்பதா? அதை முடிவு செய்யாமல் விவாதித்தால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த மலைக்காட்சியில் வரும் "வாராய் நீ வாராய்" பாட்டு படமாக்கப்பட்ட இடம் எங்கள் மலைதான் என்று என் தாத்தா பகோடா முனையைக் காட்டிச் சொல்வார்.

குகை மைந்தன்:

பகோடா முனை இல்லை. லேடீஸ் சீட்டுக்குக் கீழே இருக்கும் பாறை. என் பெரியப்பா நேரிலேயே பார்த்தவர்.

மலைக்காப்பி:

லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் நகரம் முழுவதும் தெரியும். அரசர் காலத்துக் கதையில் பின்னணியில் நகரத்தை வைத்தா எடுப்பார்கள்? உங்கள் பெரியப்பா வேறு ஏதோ படப்பிடிப்பைப் பார்த்திருப்பார்.

குகை மைந்தன்:

பெரியப்பாவை இழுக்காதீர்கள். மலையில் வீடு இருப்பதால் மலையே உங்களுடையது ஆகிவிடாது.

கொலுசுக்கடைக்காரர்:

எந்தப் பாறையாக இருந்தாலும் நின்றவன் நின்றவன்தானே! பாறையைப் பற்றிய சண்டையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்றுக்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கன்னங்குறிச்சி கயல்:

நான் சொல்கிறேன். அவன் முட்டாள்தனத்தால் நிற்கவில்லை அண்ணா, செருக்கால் நிற்கிறான். மனைவி என்பவள் சாகும் நேரத்திலும் தன்னைச் சுற்றி வந்து கும்பிடத்தான் செய்வாள் என்பதில் அவனுக்குத் துளியும் ஐயம் இல்லை. எதிரி ஒருவன் பின்னால் போனால் திரும்பியிருப்பான்; மனைவி போவதால் திரும்பவில்லை. அந்த மூன்று சுற்றுதான் படத்தின் உயிர். 1950இல், நாயகன் வந்து காப்பாற்றாமல், ஒரு பெண் தானே முடிவெடுத்துத் தானே தள்ளுகிறாள் என்பதை எங்கள் வீட்டுப் பாட்டிமார்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அஸ்தம்பட்டி ஐயா:

நன்றாகச் சொன்னாய் அம்மா. நான் சொல்ல வந்ததும் அதுவே.

கொலுசுக்கடைக்காரர்:

ஐயா சொல்ல வந்தது அதுவன்று, ஐயா சொன்னது நீலகேசி உரை. தங்கை சொன்னதில் சரக்கு இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன், ஆனால் செருக்குக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு சுற்றுக்குச் செருக்குப் போதும், மூன்று சுற்றுக்குத் தூக்கம் வேண்டும்.

இதை நான் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து, பகோடா முனையில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டு, என் மனைவியிடம் என்னை மூன்று முறை சுற்றி வரச் சொன்னேன். அவர் கையில் மிளகாய் பஜ்ஜிப் பொட்டலம் இருந்தது. சுற்றிலும் ஆட்கள், இடுப்பளவுக்குக் கம்பி, கல்யாணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள். இத்தனை பாதுகாப்பு இருந்தும், முதல் சுற்றில் அவருடைய செருப்புச் சத்தம் முதுகுப் பக்கம் போனவுடனே என் தோள் இறுகிவிட்டது. இரண்டாவது சுற்றில் சத்தம் சட்டென்று நின்றபோது கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. அவர் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். மூன்றாவது சுற்றுக்கு நான் நிற்கவில்லை. வெள்ளிக்கொலுசு விற்கும் எனக்கே இப்படியென்றால் கொள்ளைக்காரனுக்கு எப்படி இருக்கும்?

கன்னங்குறிச்சி கயல்:

அண்ணியிடம் கேட்டீர்களா, அந்த இரண்டாவது சுற்றில் அவர் ஏன் நின்றார் என்று?

அஸ்தம்பட்டி ஐயா:

பார்த்திபனைத் தம்மோடு ஒப்பிட்டுக்கொள்ளும் துணிவுக்கு என் பாராட்டுகள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தங்கள் கழுத்து திரும்பியதற்குக் காரணத்தைத் தங்கள் வீட்டில்தான் தேட வேண்டும், திரைப்படத்தில் அன்று. இவ்வாறு எழுதுவது தங்களுக்குப் புதிதும் அன்று. சென்ற ஆண்டு மாம்பழப் பருவத்தில், சேலத்து மல்கோவா என்று விற்பவற்றில் பாதி வெளியூர்ச் சரக்கு என்று எழுதி ஊரையே தலைகுனிய வைத்தவர் தாங்கள். பிறந்த ஊரின் பெருமை எதைக் கண்டாலும் தங்களுக்கு ஆகாது. மாடர்ன் தியேட்டர்ஸின் நிலை என்ன என்பதாவது தெரியுமா? லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய டி. ஆர். சுந்தரம், 1935இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கி, 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" வரை இந்த ஊரில் இருந்தபடியே எடுத்துக் காட்டியவர். ஏற்காடு சாலையில் இன்று அந்த நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அதன் வழியாகப் போகும்போது நான் வண்டியின் வேகத்தைக் குறைப்பேன். தாங்கள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டு போவீர்கள்.

கொலுசுக்கடைக்காரர்:

மாம்பழத்தைப் பற்றி நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் திரும்பப் பெறவில்லை, ஐயா. அந்த வளைவை நான் ஒலிப்பான் அடித்துக் கடப்பதைத் தாங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள் என்றும் தெரியவில்லை.

ஊர்ப் பெருமை வேறு, படத்தின் தரம் வேறு. சுந்தரத்தைப் பற்றி ஒரு சொல்லும் தாழ்வாக நான் எழுதவில்லை. இந்தப் படத்தின் இயக்கத்தில் அவர் பெயரோடு எல்லிஸ் ஆர். டங்கன் பெயரும் இருக்கிறது. டங்கன் அமெரிக்கர். தமிழ் தெரியாமலே "சதி லீலாவதி", "சகுந்தலை", "மீரா" என்று எடுத்துத் தள்ளிய திறமைசாலி. அவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா, இந்த ஆள் ஏன் திரும்பவில்லை என்று? சொல்லப்போனால் சுந்தரத்தின் உண்மையான பெருமை அதே 1950இல் அவர் இயக்கிய "திகம்பர சாமியார்". எம். என். நம்பியார் பதினொரு வேடங்களில் வருகிறார். ஒவ்வொரு வேடத்துக்கும் குரலை மாற்றி, நடையை மாற்றி, கதையையும் தொய்யவிடாமல் கொண்டுபோகிறார். அதே நம்பியார் "மந்திரி குமாரி"யில் ராஜகுரு. எது பெரிய வேலை என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் இந்த ஊரில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் பத்துப் பேரும் "வாராய்" என்றுதான் தொடங்குவார்கள், திகம்பர சாமியாரை ஒருவர் சொன்னால் அதிசயம். என் வயிற்றெரிச்சல் இதுதான். ஒரு பாட்டின் புகழைப் படத்தின் புகழ் என்று எல்லாரும் கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். ஜி. ராமநாதனின் மெட்டையும், திருச்சி லோகநாதன், ஜிக்கி இருவருடைய குரலையும் எடுத்துவிட்டு அந்த மலைக்காட்சியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மிச்சம் இருப்பது மூன்று சுற்று.

மலைக்காப்பி:

பாட்டை எடுத்துவிட்டுப் படத்தைப் பார் என்பது, பாலையும் டிகாக்‌ஷனையும் எடுத்துவிட்டுக் காப்பியைக் குடி என்பது போல் இருக்கிறது. பாட்டும் படம்தானே? வரையறை வேண்டும் என்று நான் அப்போதே கேட்டேன்.

குகை மைந்தன்:

திகம்பர சாமியாரில் தலைவர் இல்லை. எனவே ஒப்பிடவே கூடாது.

கன்னங்குறிச்சி கயல்:

கொலுசுக்கடை அண்ணா, நீங்கள் விரும்புவது போல் பார்த்திபன் இரண்டாவது சுற்றில் திரும்பியிருந்தால் அமுதவல்லி செத்திருப்பாள், படம் அங்கேயே முடிந்திருக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டுமா?

கொலுசுக்கடைக்காரர்:

எனக்கு வேண்டியது அவள் சாவது அன்று, தங்கச்சி. அவள் இன்னும் கொஞ்சம் பாடுபட்டு அவனை ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதுதான். முதல் சுற்றில் அவன் திரும்பட்டும், அவள் காலில் விழுந்து அழட்டும், இரண்டாவதில் அவன் சந்தேகத்தோடு தலையை அசைக்கட்டும், மூன்றாவதில் தள்ளட்டும். அப்போது நானே எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். அவன் இவ்வளவு எளிதாக ஏமாந்ததால் அவளுடைய அறிவின் பெருமையும் அல்லவா குறைகிறது?

கன்னங்குறிச்சி கயல்:

உங்களுக்குப் பிடித்தது போல் நீங்களே ஒரு படம் எடுத்துவிட்டு, அதை விட இது மட்டம் என்கிறீர்கள். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததே, அதற்குப் பெயர் அறிவு இல்லையா?

அஸ்தம்பட்டி ஐயா:

இந்த இழையில் இதுவே என் இறுதிப் பதிவு. காப்பியம் படிக்காதவர்களோடு காப்பியத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

கொலுசுக்கடைக்காரர்:

மாம்பழ விவாதத்திலும் ஐயா நான்கு முறை இறுதிப் பதிவு இட்டார். காத்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டி ஐயா:

மூன்று முறை. நான்கு அன்று. எண்ணிக்கையில் தங்களுக்கு எப்போதும் தடுமாற்றம் உண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கொலுசுக்கடைக்காரர்:

மூன்று என்றால் ஐயாவுக்கு எதுவும் சம்மதம் போலிருக்கிறது! சரி, வரும் ஞாயிறு நேரில் முடித்துக்கொள்வோம். ஏற்காட்டுக்கு என் வண்டியிலேயே வாருங்கள், பெட்ரோல் என் செலவு. பகோடா முனையோ லேடீஸ் சீட்டோ, தம்பிகள் இருவரும் எந்தப் பாறையைச் சொல்கிறார்களோ அங்கே தாங்கள் பள்ளத்தைப் பார்த்து நில்லுங்கள். நான் தங்களை மூன்று முறை சுற்றி வருகிறேன். திரும்பாமல் நின்றுவிட்டீர்கள் என்றால் படத்தை ஒப்புக்கொள்கிறேன்.

அஸ்தம்பட்டி ஐயா:

வருகிறேன். ஆனால் முதலில் தாங்கள் நில்லுங்கள். நான் சுற்றுகிறேன்.

மலைக்காப்பி:

பகோடா முனை என்றால் நானும் வருகிறேன்.

குகை மைந்தன்:

லேடீஸ் சீட் என்றால் மட்டும்.