புது ட்ரயல்ஸ் சைக்கிள்: பின் பிறேக் பூட்டுப்பட மாட்டன் என்குது, உதவி தேவை

கடலோரச் சில்லு (வெள்ளவத்தை)

தெரிஞ்ச அண்ணாமார் யாராவது உதவுங்கோ. போன மாதம் புதுசா ஒரு ட்ரயல்ஸ் சைக்கிள் (கால் நிலத்தில படாமல் கல்லு, தடைகளுக்கு மேலால துள்ளி ஏறிற வகை) வெளிநாட்டில இருந்து எடுப்பிச்சனான். 20 அங்குலச் சில்லு, சீற் இல்லாத வகை, ஃப்ரீவீல் (பெடலை நிப்பாட்டினாலும் சில்லை உருள விடுற பல்சக்கரம்) பின்னுக்கு இல்லாமல் கிராங்கில, அதாவது பெடல் தண்டுப் பக்கம் இருக்கு. முன்னுக்கு ஹைட்ராலிக் டிஸ்க், பின்னுக்கு நாலு போல்ட்டில ஃபிரேமோட பூட்டின ஹைட்ராலிக் றிம் பிறேக்.

சைக்கிளைப் பற்றிக் குறை சொல்ல ஒண்டும் இல்லை. முந்தி வைச்சிருந்த மவுண்டன் சைக்கிளில முன் சில்லைத் தூக்க உடம்பு முழுக்க வேலை செய்யவேணும். இதில ஹாண்டிலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாலே எழும்புது. முன் பிறேக் முதல்ல சோர்வா இருந்தது. காலி வீதியில இருந்து மரைன் டிரைவுக்கு இறங்கிற எங்கட ஒழுங்கையில விடியவெள்ளன வேகமா வந்து வந்து நிப்பாட்டிப் பழக்கினாப் பிறகு ஒரு விரலுக்கே பிடிக்குது.

பின் பிறேக்தான் பிரச்சினை. றோட்டில ஓடேக்க நிக்குது. ஆனா பின் சில்லில எழும்பி நிண்டு, பிறேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அடுத்த துள்ளலுக்குப் பெடலை அழுத்தினா சில்லு மெல்ல முன்னுக்கு நழுவுது. மழை பெய்து நனைஞ்சா பிடியே இல்லை. சத்தமும் இல்லை, சும்மா வழுக்குது. றெயில் பாதையோரக் கருங்கல்லுகளில ஏறிப் பழகத்தான் இதை வாங்கினது, இந்தப் பிறேக்கோட அங்க போகப் பயமா இருக்கு. எங்க இருந்து பார்க்கத் தொடங்கிறது?

மருதானை வேலைத்தளம்

தம்பி, முதல்ல ஆயிலை மாத்திப் பாருங்க. புதுசுன்னாலும் உள்ள காத்து இருக்கலாம். பஞ்சிகாவத்தையில மோட்டார் பைக்குக்குப் போடுற பிரேக் ஆயில் எந்தக் கடையிலயும் இருக்கும், சின்ன போத்தல் ஒண்டு போதும்.

தூக்குச்சில்லு (கொட்டாஞ்சேனை)

தம்பி, அந்த ஆயிலை மட்டும் ஊத்திப்போடாதையுங்கோ. மோட்டார் சைக்கிள் கடையில கிடைக்கிறது டொட் (DOT) எண்டு போத்தலில போட்டிருக்கிற வேற வகைப் பிறேக் ஆயில். ட்ரயல்ஸ் றிம் பிறேக்குகள் வழக்கமா மினரல் எண்ணெயில வேலை செய்யிறவை. 1987 இல மகுரா கொம்பனி கொண்டுவந்த ஹைட்ராலிக் றிம் பிறேக் தொடங்கி அந்த வழிதான். மினரல் எண்ணெய்க்குச் செய்த சீல் றப்பர் டொட் பட்டால் ஊதிப் பழுதாப்போகும், பிறகு லீவரையும் சிலிண்டரையும் சேர்த்து மாத்தவேணும். மறுபக்கம், ஹோப் கொம்பனியின்ர மாதிரி டொட் பாவிக்கிற பிறேக்குகளும் இருக்கு. அதனால லீவர் மூடியில என்ன எழுதியிருக்கு எண்டு பார்க்காமல் எதையும் ஊத்தக் கூடாது.

எண்ணெய்க்குக் கை வைக்க முந்தி இதுகளுக்கு மறுமொழி சொல்லுங்கோ. லீவரை இறுக்கினா கல்லு மாதிரி நிக்குதா, இல்லாட்டி பஞ்சு மாதிரி ஹாண்டில் வரைக்கும் வருதா? இறுக்கேக்க பின் ஃபிரேம் குழாய் ரெண்டும் வெளிப்பக்கமா விரியுதா? பாட் (றிம்மைப் பிடிக்கிற பிறேக் கட்டை) ரெண்டும் முழு முகத்தோட றிம்மில குந்துதா, மேல் விளிம்பு மட்டும் தொடுதா? றிம் பக்கம் அழுத்தமான கறுப்புப் பெயின்றா, கிரைண்டர் பிடிச்ச கீறல் இருக்கா?

இதுகளைக் கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. ட்ரயல்ஸ் பின் பிறேக் வேகத்தைக் குறைக்கிற சாமான் இல்லை. பிடிச்சால் முழுக்கப் பூட்டவேணும், விட்டால் முழுக்க விடவேணும். உங்கட பாரம் முழுக்க அந்த ஒரு சில்லில, அதுவும் பெடல் அழுத்தத்துக்கு எதிரா. சாதாரண ஓட்டத்தில தெரியாத குறை அந்த நேரம்தான் வெளிப்படும்.

கடலோரச் சில்லு

நன்றி அண்ணா. லீவர் நல்ல இறுக்கம், ஹாண்டிலுக்குக் கிட்டவும் வரேல்லை. மூடியில மினரல் எண்ணெய் எண்டுதான் இருக்கு. தங்கச்சியை லீவரை இறுக்கச் சொல்லிப்போட்டுப் பின்னுக்கு இருந்து பார்த்தன், குழாய் விரியிறது கண்ணுக்குத் தெரியேல்லை. பாட் ரெண்டும் நேரா இருக்கு. றிம் கறுப்புப் பெயின்ற், கீறல் ஒண்டும் இல்லை.

ஒரு விஷயம் கவனிச்சன். பாட் ரெண்டையும் கழட்டிப் பார்த்தா இடப்பக்கப் பாட் மங்கலா, சொரசொரப்பா இருக்கு. வலப்பக்கப் பாட் கண்ணாடி மாதிரி மினுங்குது. வெள்ளைத் துணியால றிம்மைத் துடைச்சா வலப்பக்கம் மட்டும் கறுப்பாப் பிசுபிசுப்பு வருது.

தூக்குச்சில்லு

அப்ப எண்ணெயை மறவுங்கோ. லீவர் இறுக்கமா இருந்தும் வழுக்குதெண்டால் அழுத்தம் வந்து சேருது, உராய்வுதான் இல்லை. சத்தம் இல்லாததும் அதைத்தான் சொல்லுது. வடிவாப் பிடிக்கிற ட்ரயல்ஸ் பிறேக் கத்தும்.

வலப்பக்கம் மட்டும் எண்டது நல்ல தடயம். செயின் இருக்கிற பக்கம் அது. சாதாரண சைக்கிளில பெடலை நிப்பாட்டினா செயினும் நிண்டுடும். உங்கட ஃப்ரீவீல் கிராங்கில இருக்கிறதால பின் சில்லு உருளுற நேரமெல்லாம் செயினும் ஓடும், நீங்கள் பெடலை மிதிக்காட்டிலும். பெட்டியில இருந்து வந்த செயினில அப்பியிருக்கிற கிறீஸ் அப்பிடியே தெறிச்சுப் பக்கத்தில இருக்கிற றிம்முக்குப் போயிருக்கும். செயினின்ர வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால நல்லாத் துடையுங்கோ. உள்ளுக்குத்தான் எண்ணெய் தேவை.

றிம்மை ஐசோப்றோப்பைல் அல்ககோலால துடையுங்கோ, பாமசியில கேட்டால் கிடைக்கும். கை கழுவுற சானிடைசர் வேண்டாம், அதில கிளிசறின் இருக்கும், படலம் விடும். மண்ணெண்ணெயும் அப்பிடித்தான். ஒரு பக்கத்துக்குப் பாவிச்ச துணியை மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. மினுங்கிற பாட்டைத் தட்டையான மரத்துண்டில ஒட்டின சாண்ட்பேப்பரில தேய்ச்சு மேல்தோலை எடுங்கோ. கையில பிடிச்சுத் தேய்ச்சா முகம் வளைஞ்சு போகும்.

இரண்டுசில்லு (தெஹிவளை)

இடையில ஒரு கேள்வி. வெளிநாட்டில சில ட்ரயல்ஸ் ஓட்டக்காரர் எண்ணெய்க்குப் பதிலாத் தண்ணி விடுகினமாம், லீவர் லேசா வேலை செய்யுமாம். கொழும்பில உறைகுளிரும் இல்லைத்தானே, செய்யலாமா? றிம்மில தார் பூசிறதையும் பார்த்திருக்கிறன்.

தூக்குச்சில்லு

தண்ணி எண்ணெயிலும் பார்க்க இளக்கம், அதனால குழாய்க்குள்ள கெதியா ஓடும், லீவர் சட்டெண்டு திரும்பும். ஆனா உள்ளுக்கு இருக்கிற உலோகத்துக்கு எண்ணெய் தாற பாதுகாப்பைத் தண்ணி தராது. புதுப் பிறேக்கில, அதுவும் எண்ணெயில பிழை இல்லாத நேரத்தில, அந்த வேலை தேவையே இல்லை.

தார் வழுவழு றிம்முக்குப் பழைய வைத்தியம். காய்ஞ்சிருக்கேக்க நல்லாப் பிடிக்கும். மழைக்கு அதை நம்பேலாது. ஒக்டோபர், நவம்பரில கொழும்பில பின்னேரம் பின்னேரமாக் கொட்டிற மழையை யோசியுங்கோ. எனக்கு அதில விருப்பம் இல்லை.

கடலோரச் சில்லு

துடைச்சு, பாட் தேய்ச்சுப் பூட்டினன். காய்ஞ்ச நேரம் வித்தியாசம் நல்லாத் தெரியுது, பெடலை அழுத்தினாலும் சில்லு நிக்குது, கத்தவும் தொடங்கியிட்டுது. ஆனா நேற்று மழைக்குப் பிறகு பழையபடி நழுவல். இனிக் கிரைண்டர்தானா? புது றிம்மை வெட்ட மனம் வருகுதில்லை.

தூக்குச்சில்லு

மனம் வராதது விளங்குது. ஆனா ட்ரயல்ஸ் உலகத்தில பின் றிம்மைக் கிரைண்டர் பிடிக்கிறது சாதாரண வழக்கம், சில றிம் கடையில இருந்தே கீறலோட வரும். பெயின்ற் படிஞ்ச வழுவழு முகத்தில தண்ணிப்படலம் ஒண்டு நிக்கும், பாட் அதுக்கு மேலால மிதக்கும். சின்னச் சின்னக் கீறல் இருந்தால் தண்ணி அதுக்குள்ள ஒதுங்கும், கீறலின்ர விளிம்பு பாட்டைக் கடிக்கும்.

கேற், கிறில் செய்யிற எந்த வெல்டிங் கடையிலும் கிரைண்டர் இருக்கும். ஆனா வேலையை அவையிட்ட விட்டுப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதையுங்கோ, பக்கத்தில நிண்டு சொல்லிச் செய்விக்கவேணும். டயரையும் ரியூப்பையும் கழட்டுங்கோ. வெட்டிற டிஸ்க் இல்லை, உரஞ்சிற கல் டிஸ்க். அதை றிம்மில அழுத்தவே கூடாது, தொட்டுத் தொட்டு எடுக்கவேணும். கீறல் றிம்முக்குக் குறுக்கா, கொஞ்சம் சரிவா, நெருக்கமா விழவேணும். ஒரே இடத்தில நிண்டால் பள்ளம் விழும். பாட் தொடுற பட்டைக்கு வெளியால, டயர் குந்துற விளிம்புக்குப் போகக் கூடாது. ட்ரயல்ஸ் றிம் கனக்க ஒற்றைச் சுவர், பாரம் குறைக்க ஓட்டை போட்டது, வெட்டிக் குறைக்க அதில இடம் இல்லை. பெயின்ற் போய்ச் சொரசொரப்பு வந்தால் போதும், ஆழம் தேவையில்லை. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். அலுமினியத் தூளை ஈரத்துணியால முழுக்கத் துடைச்சாப் பிறகுதான் பாட்டைப் பூட்டவேணும்.

மருதானை வேலைத்தளம்

ஆயில் விஷயத்தைத் திருத்தினதுக்கு நன்றி அண்ணன், இந்த வகை சைக்கிள் நம்ம கிட்ட வாறதில்ல. கிரைண்டர் வேலைக்கு இங்க வாங்க தம்பி. சில்லை பைக்கிலேயே வச்சு ஒராள் மெதுவா சுத்த, மத்தவர் கிரைண்டர் பிடிச்சா கீறல் சமனா வரும்.

கடலோரச் சில்லு

மருதானையில செய்தாச்சு, நன்றி அண்ணாமார் ரெண்டு பேருக்கும். நனைஞ்ச சில்லோடயே பரிசோதிச்சுப் பார்த்தன். முதல் பிடியில ஒரு சொட்டு நழுவல், பிறகு பூட்டினது பூட்டினதுதான். பின் சில்லில நிண்டு அடுத்த கல்லைப் பார்த்து யோசிக்க நேரம் கிடைக்குது, இது எனக்குப் பெரிய சந்தோஷம். பாட் தூள் மட்டும் கனக்கக் கொட்டுது. சரிதானே?

தூக்குச்சில்லு

புதுக் கீறல் கூர்மையா இருக்கும், தொடக்கத்தில பாட்டைத் தின்னும், பிறகு அடங்கும். அடுத்த முறை பாட் வாங்கேக்க கீறின றிம்முக்கான வகையைக் கேளுங்கோ, வழுவழு றிம்முக்குச் செய்த மெதுமையான பாட் கெதியாத் தேய்ஞ்சுபோகும். டாம் வீதியில சாதாரண சைக்கிள் பாட்தான் கனக்க இருக்கும், ட்ரயல்ஸ் பாட்டை ஓடர் பண்ணித்தான் எடுக்கவேண்டி வரும். ரெண்டு சோடியாச் சொல்லிவிடுங்கோ. பாட் தேயத் தேய இடைவெளி கூடும். ஒவ்வொரு பக்கமும் ஒண்டு, ரெண்டு மில்லிமீற்றருக்குள்ள வைச்சிருங்கோ.

கடற்கரையில பழகினா வீட்ட வந்து றிம்மை நல்ல தண்ணியால கழுவித் துடையுங்கோ. பெயின்ற் போன அலுமினியத்தில உப்பு நிண்டால் வெள்ளைப் படை பிடிக்கும். கழுவேக்க றிம் ஓட்டைகளைச் சுற்றி வெடிப்பு ஏதும் இருக்கா எண்டும் பாருங்கோ.