தெங்காவில் இப்போதே குடியேறலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் புது நகரான தெங்காவில், பதிவு செய்தபின் கட்டித்தரும் அரசு வீட்டின் (பிடிஓ) சாவி அடுத்த மாதம் கைக்கு வரும். மனைவிக்கு வேலை நகர மையத்தில், ராஃபிள்ஸ் பிளேஸில். ரயில் வரும்வரை ஈசூனில் மாமியார் வீட்டிலேயே இருந்துவிடலாமா?

தோட்டக்காரன்: தம்பி, நான் 2023-இல் தெங்காவின் பிளான்டேஷன் வட்டாரத்துக்கு வந்தவன். அப்போது 992 பஸ் பிடித்து பக்கத்து நகரான புக்கிட் பாத்தோக் போய்த்தான் மற்றதெல்லாம். காலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் சிமெண்டுத் தூசி ஒட்டும். தெங்கா மொத்தம் 700 ஹெக்டேர், ஐந்து வட்டாரம், சுமார் 42,000 வீடு; ஒரே மூச்சில் எழும்புமா? ஆள் சேராமல் கடைக்காரன் வரமாட்டான், கடை இல்லாமல் நமக்கு எரிச்சல். முதல் கட்டத்தில் வருகிறவன் தலையெழுத்து அது. இப்போது பரவாயில்லை. ஆனால் பக்கத்து மனையில் பைலிங் (அஸ்திவாரத் தூண் இறக்கும் இரைச்சல் வேலை) நடக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கைக்குழந்தை இருந்தால் கட்டாயம்!

சுவா சூ காங் அக்கா: தெங்காவுக்கு வரும் ரயில், அதான் ஜூரோங் வட்டாரப் பாதை, 2027 முதல் 2029 வரை மூன்று கட்டமாக என்றுதான் அறிவித்தார்கள். அதை நம்பி மாமியார் வீட்டில் உட்கார்ந்தால், அப்புறம் உங்கள் பாடு. தெங்காவிலிருந்து பஸ்ஸில் சுவா சூ காங் வந்து ரயில் ஏறலாமே.

கேட்டவர்: பைலிங் விஷயம் தோன்றவே இல்லை அண்ணே. சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.