நியூ ஸ்டார்ட் முடிந்துவிட்டது. அணுப்போர் ஆபத்து கூடியிருக்கிறதா, இல்லையா?

தராசுமுள்:
அமெரிக்காவும் ரஷ்யாவும் 2010-ல் கையெழுத்திட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம் 2026 பிப்ரவரி 5-ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டது. ஏவத் தயாராக ஆளுக்கு 1,550 அணுகுண்டுகளுக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது என்று வரம்பு கட்டிய ஒப்பந்தம் அது. உலகில் இருக்கும் சுமார் 12,000 குண்டுகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்த இருவர் கையில்தான். தலைவர்கள் மேடையில் விடும் மிரட்டலுக்குப் பதறுகிறவர்கள் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னைக் கேட்டால் மிரட்டலைவிட இதுதான் பெரிய ஆபத்து. மறுப்பவர்கள் வரலாம்.

இரும்புக்கவசம்:
வந்துவிட்டேன். 1986-ல் உலகில் ஏறக்குறைய 70,000 குண்டுகள் இருந்தன. அப்போதே வராத போர் இப்போது வந்துவிடுமா? 1945-க்கு முந்தைய முப்பத்திரண்டு வருடங்களுக்குள் இரண்டு உலகப் போர்கள். அதற்குப் பிறகு வல்லரசுகள் நேருக்கு நேர் முழுப்போரில் இறங்கவே இல்லை. அடித்தால் நாமும் சாம்பல் என்ற பயம்தான் காரணம். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் பலித்திருக்கிறது. ஒப்பந்தத்தை நம்பியவர் கதி வேண்டுமா? உக்ரைனைப் பாருங்கள். 1994-ல் புடாபெஸ்டில், எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவும் கையெழுத்திட்ட ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு, தங்கள் மண்ணில் இருந்த சோவியத் குண்டுகளைக் கொடுத்தார்கள். 2014-ல் கிரிமியா ரஷ்யா கைக்குப் போயிற்று.

மழைக்குருவி:
உக்ரைன் மண்ணில் குண்டுகள் இருந்தன, அவற்றை ஏவும் அதிகாரம் மாஸ்கோவிடம் இருந்தது. இந்த விஷயத்தை மட்டும் எல்லாரும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

பயம் காப்பாற்றியது என்கிறீர்களே, 1962 அக்டோபர் 27-ஐப் பாருங்கள். கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை நிறுத்தியதால் வந்த நெருக்கடி உச்சத்தில் இருந்த நாள். பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை மேலே வரவழைக்க அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பயிற்சிக் குண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தன. உள்ளே தாங்க முடியாத வெக்கை, மூச்சு முட்டும் காற்று, மாஸ்கோவோடு தொடர்பு அறுந்துவிட்டது. மேலே போர் தொடங்கிவிட்டது என்றே கேப்டன் நினைத்து, அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். உடனிருந்த ஒருவர் பின்னாளில் சொன்னது இது. அதே கப்பலில் பயணித்த மூத்த அதிகாரி வாசிலி அர்கிப்போவ் பேசிப் பேசி அவரை அடக்கினார். கேப்டனுக்குப் பயம் இல்லையா? நிறைய இருந்தது. அந்தப் பயம்தான் டார்பிடோ பக்கம் கையை நீட்ட வைத்தது. அர்கிப்போவ் வேறொரு கப்பலில் ஏறியிருந்தால் நாம் இங்கே எதைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்போம்?

இரும்புக்கவசம்:
அர்கிப்போவ் ஏன் தடுத்தார்? ஏவினால் என்ன ஆகும் என்று தெரிந்ததால். நீங்கள் என் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறீர்கள், குருவி.

மழைக்குருவி:
ஒரே கப்பல், ஒரே பயம், இரண்டு பேருக்கு இரண்டு முடிவு. இதை நம்பி உலகத்தை ஒப்படைக்கலாம் என்றால் சரி, உங்கள் தைரியம் எனக்கு இல்லை.

ஓரத்தில்நிற்பவன்:
ஒரு சந்தேகம். ரஷ்யா 2023 பிப்ரவரியிலேயே இந்த ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்துவிட்டதே? செத்ததற்கு இப்போது எதற்கு ஒப்பாரி?

தராசுமுள்:
நல்ல கேள்வி. நிறுத்தி வைத்தபோதும் எண்ணிக்கை வரம்பை மதிப்போம் என்று ரஷ்யா சொல்லியிருந்தது. இப்போது அந்த வரம்பும் இல்லை. ஆனால் என் கவலை 1,550 பற்றியது இல்லை, ஆய்வு பற்றியது. வருடத்துக்கு 18 முறை ஒரு நாட்டு ஆய்வாளர்கள் இன்னொரு நாட்டு ராணுவத் தளத்துக்குள்ளேயே போகலாம் என்று ஒப்பந்தம் அனுமதித்தது. குறிப்பிட்ட ஏவுகணையைக் காட்டச் சொல்லி, அதன் தலையில் எத்தனை குண்டுகள் இருக்கின்றன என்று எண்ணலாம். உள்ளே இருப்பதன் வடிவம் தெரியாதபடி உறை போட்டு மூடியிருப்பார்கள், எண்ணிக்கையை மட்டும் பார்க்கலாம். எதிரிகள் இந்த அளவுக்கு இறங்கி வந்ததே எனக்கு இன்னும் வியப்புதான். 2020-ல் கொரோனாவால் நின்றது, திரும்பத் தொடங்கவே இல்லை.

இரும்புக்கவசம்:
செயற்கைக்கோள்கள் எதற்கு இருக்கின்றன? ஏவுகணையை நிலத்தடியில் நிறுத்தி வைக்கப் புதிதாக ஒரு கிணறு தோண்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். சீனாவின் கிணறுகள் அப்படித்தானே 2021-ல் வெளியே வந்தன? சீனாவிடம் இப்போது சுமார் 600, இன்னும் ஏறுகிறது. மூன்று பேர் ஆடும் ஆட்டத்தில் இரண்டு பேர் மட்டும் கை கட்டிக்கொள்வது என்ன நியாயம்?

தராசுமுள்:
செயற்கைக்கோளுக்குக் கிணற்றின் மூடி தெரியும். ஏவுகணையின் தலையில் ஒன்றா, எட்டா என்று தெரியாது. தெரியாதபோது எந்தத் தளபதியும் எட்டு என்றுதான் கணக்குப் போடுவார், அதற்கு ஈடாகத் தானும் ஏற்றுவார். சீனா பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

மழைக்குருவி:
1995 ஜனவரி 25. வடதுருவ ஒளியை ஆராய நார்வே ஒரு ராக்கெட் விட்டது. முன்கூட்டியே ரஷ்யாவுக்கும் தகவல் கொடுத்திருந்தார்கள். அது ரேடார் முன் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நீர்மூழ்கியிலிருந்து வந்த அமெரிக்க ஏவுகணையாக இருக்குமோ என்று ரஷ்ய அதிபர் யெல்ட்சின் முன், அணு ஆயுதத்தை ஏவ உத்தரவு கொடுக்கும் பெட்டி திறக்கப்பட்டது. யோசிக்கக் கிடைத்தது சில நிமிடங்கள். இத்தனைக்கும் மாஸ்கோவும் வாஷிங்டனும் நட்பாக இருந்த காலம் அது. இன்றைக்கு அதே ராக்கெட் போனால்?

இரும்புக்கவசம்:
அதற்கு அறிவிப்பு முறையைச் சீர் செய்யுங்கள், ஆயுதத்தை ஏன் குறைக்க வேண்டும்? கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதிக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்ற 1988 அமெரிக்க-சோவியத் உடன்பாட்டுக்கும் நியூ ஸ்டார்ட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆய்வாளர்கள் மறுபடி போகட்டும் என்றாலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சீனாவும் கதவைத் திறக்க வேண்டும்.

மழைக்குருவி:
ஆளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் வைத்திருக்கும் இரண்டு பேர், 600 வைத்திருப்பவரிடம் முதலில் காட்டு என்றால் காட்டுவாரா? நீங்கள் குறைத்துவிட்டு வாருங்கள் என்றுதான் பெய்ஜிங் வருடக்கணக்காகச் சொல்கிறது.

இரும்புக்கவசம்:
சரி, எண்ண விட வேண்டாம். ஏவும் முன் சொல்லட்டும், அது போதும். 2024 செப்டம்பரில் பசிபிக் கடலில் ஏவுகணையைச் சோதித்தபோது சில நாடுகளுக்கு முன்பே தகவல் கொடுத்ததாகச் சீனாவே சொன்னது. அதை ஒவ்வொரு முறையும், எழுத்தில், மூவருமே செய்யலாமே. அதற்கு யாரும் ஒரு குண்டைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை.

தராசுமுள்:
எழுதி வாங்கலாம். அந்தத் தகவல் ரேடார் அறை வரை போவதற்கு யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.