கலைச்சொல்: ‘ட்ராஃபிக்-ஃப்ரீ கிராவல் சைக்கிளிங்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ‘கிரேட் அலிகெனி பாசேஜ்’ சைக்கிள் பாதையைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே வண்டி படுத்துவிட்டது. காரணம், தலைப்பில் இருக்கும் சொற்றொடர்தான்: மோட்டார் வண்டி வராத, தார் போடாமல் சிறுகல் பரப்பிய பாதையில் சைக்கிள் மிதிப்பது. இங்கே உதவி கேட்டதற்கு நிறையப் பரிந்துரைகள் வந்தன, நன்றி. அவற்றை அந்தப் பாதையிலேயே ஓட்டிப் பார்ப்போம். பாதை இன்னதென்று சொல்லிவிட்டால், எந்தச் சொல் தேறும், எது தேறாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

மேரிலாந்தின் கம்பர்லாந்தில் தொடங்கிப் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் வரை 240 கிலோமீட்டர். பெரும்பகுதி, பழைய ரயில் கம்பெனிகள் கைவிட்ட தடம். ஒகையோபைல் என்ற சிற்றூரை ஒட்டிய முதல் துண்டு 1986-இல் திறந்தது, முழுப் பாதையும் சேர்ந்தது 2013-இல். தண்டவாளத்தைப் பெயர்த்த இடத்தில் சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக நொறுக்கிப் பரப்பி, இறுக்கியிருக்கிறார்கள். கார், லாரி, பைக் எதற்கும் அனுமதி இல்லை. நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், சில துண்டுகளில் குதிரையிலும் போகலாம்.

மலைநாடுதான், ஆனால் ஏற்றம் மூச்சு வாங்க வைக்காது. கம்பர்லாந்து சுமார் 190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 38 கிலோமீட்டர் தள்ளி, 729 மீட்டரில் கிழக்குக் கண்ட நீர்ப்பிரிமேடு. அதற்குக் கிழக்கே பெய்யும் மழை செசபீக் விரிகுடாவுக்கும், மேற்கே பெய்வது ஒகையோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகிறது. கணக்குப் போட்டால் நூறு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர்கூட ஏற்றமில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறாது. அதனால் ரயில்காரர்கள் மலையைச் சுற்றினார்கள், குடைந்தார்கள், பள்ளத்தாக்குக்கு மேல் பாலம் கட்டினார்கள். அந்தப் புண்ணியம் இன்று மிதிக்கிறவர்களுக்கு. பிக் சேவேஜ் மலையைக் குடைந்த சுரங்கம் மட்டும் ஒரு கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் உள்ளே உறைபனி பிடித்துச் சுரங்கம் கெடாமலிருக்க, இரண்டு வாயிலையும் கதவு போட்டு மூடிவிடுவார்கள். டிசம்பரில் கிளம்பிப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம்.

இனி பரிந்துரைகள்.

> ‘ஜல்லிப் பாதை’ என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும், தப்பாகப் புரியும். நம் ஊரில் ஜல்லி ரோடு என்றால், தார் போடுகிறோம் என்று நாற்பது எம்.எம். கல்லைக் கொட்டிவிட்டு காண்டிராக்டர் காணாமல் போன ரோடு. அதில் சைக்கிளை இறங்கித் தள்ளத்தான் முடியும். அலிகெனியில் கிடப்பது கிரஷரின் கடைசிச் சல்லடையில் விழும் பொடியும் குருணையும். ஈரத்தில் இறுகும், வெயிலில் லேசாகப் புழுதி கிளம்பும், டயருக்கடியில் சரசரவென்று நொறுங்கும். ‘கப்பி’க்கும் இதே சிக்கல்தான்.

> சங்கச் சொல்லான ‘பரல்’ இருக்கப் புதுச்சொல் எதற்கு?

அழகான சொல்தான். ஆனால் பாலை நிலத்து வழியில் காலைக் குத்துவதற்கென்றே கிடக்கும் கல் அது. இங்கே பேச்சு, மிதிப்பவருக்கு நோகாமலிருக்கப் பரப்பிய பொடிக்கல்லைப் பற்றியது. தவிர, பள்ளிக்கூடம் போன எவருக்கும் பரல் என்றதும் சிலம்புதான் நினைவுக்கு வரும். அடிக்குறிப்பு போட்டுப் புரியவைக்க வேண்டிய சொல் சைக்கிள்காரருக்கு ஆகாது.

என் தேர்வு ‘சரளை’. தென்மாவட்டங்களில் சரள் என்பார்கள், சரள் மண் அடித்த ரோடு என்றால் ஊரில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. செம்மண் நிறம் மனதில் வந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டும், நிறத்தில் என்ன இருக்கிறது? கல்லின் பருமன் ஏறத்தாழ சரியாக மனதில் விழுகிறதே, அது போதும்.

> ‘போக்குவரத்தற்ற’ என்று நேராகப் போடலாமே?

இங்கேதான் எனக்கு உண்மையான தகராறு. சைக்கிள் போவதும் நடையாய்ப் போவதும் போக்குவரத்துதானே? ‘நெரிசலற்ற’ அதைவிட மோசம். வண்டி வரும், குறைவாக வரும் என்றாகிவிடும்.

சரளை வேறு, மோட்டார் வராமை வேறு. கான்சஸின் ஃபிளிண்ட் ஹில்ஸைப் பாருங்கள். எம்போரியா ஊரில் 2006-இல் தொடங்கி, இன்று ‘அன்பவுண்ட் கிராவல்’ என்ற பெயரில் நடக்கும் 200 மைல் சைக்கிள் பந்தயம் ஏறத்தாழ முழுக்கச் சரளையில்தான். ஆனால் அவை ஊராட்சிச் சாலை போன்ற பொதுச்சாலைகள், பண்ணைக்காரர் டிரக்கில் வருவார், போவார். கல்லும் தீத்தட்டிக் கல், டயரைக் கத்தியாய்க் கிழிக்கும். இத்தாலியின் டஸ்கனியில் சியன்னாவைச் சுற்றியுள்ள வெள்ளைச் சரளைச் சாலைகளிலும் கார் போகும். அலிகெனியில் சட்டப்படியே நுழைய முடியாது. ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் இந்த வேறுபாடு தெரிவதில்லை. தமிழில் ஒரே சொல்லாக்கினால் நாமும் குழம்பிப்போவோம். பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று பார்க்கிறவருக்கு, மேற்பரப்பைவிட இந்தச் சேதிதான் முக்கியம்.

எனவே தடைக்குத் தனிச்சொல் வேண்டும். பேருந்து, சிற்றுந்து, மகிழுந்து, சரக்குந்து என்று மோட்டார் வண்டிக்கெல்லாம் ‘உந்து’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது, சைக்கிளோ மிதிவண்டி. மதுவிலக்கில் இருக்கும் ‘விலக்கு’, சட்டம் போட்டுத் தடுத்ததைச் சுட்டும். இரண்டையும் சேர்த்தால் ‘உந்துவிலக்கு’. வண்டி குறைவாக வரும் சாலைக்கு இது பொருந்தாது, தடை உள்ள இடத்துக்கு மட்டுமே.

அப்படியானால் பாதை ‘உந்துவிலக்குச் சரளைத்தடம்’. எம்போரியாவுக்கு வெறும் ‘சரளைச்சாலை’. மிதிக்கும் செயலுக்குச் ‘சரளையோட்டம்’ என்று முதலில் தோன்றியது, ஆனால் காலால் ஓடுகிறவர்கள் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வார்கள். ‘சரளைச் சவாரி’ எப்படி? சவாரி வடக்கிலிருந்து வந்ததுதான், ஆனால் சைக்கிளோடு ஒட்டிக்கொண்டு வெகுநாளாயிற்று.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

— சென்னை

---

ஐயா, வணக்கம்.

எங்கள் கொங்குப் பக்கம் ‘இட்டேரி’ என்று ஒரு சொல் இருக்கிறதே, யாருமே சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டி போகிற அளவுக்கு மண்தடம். பஸ், கார் உள்ளே வராது. மோட்டார் இல்லாத கிராமத்து வழிக்கு இதைவிடப் பாந்தமான சொல் ஏது? இப்போது பாதி இட்டேரியில் டிராக்டரும் பைக்கும் போகிறது, மீதியில் தார் போட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை.

— ஈரோடு

---

வணக்கம்.

இலங்கையில் நாங்கள் ‘கிரவல் வீதி’ என்றே எழுதுகிறோம், செய்தித்தாளிலும் அப்படித்தான் வரும். சரளை விளங்கும், எதிர்ப்பில்லை. மோட்டார் சைக்கிளுக்கு எங்களிடம் ‘உந்துருளி’ புழக்கத்தில் இருக்கிறபடியால் ‘உந்துவிலக்கு’ எங்கட ஆட்களுக்கு உடனே பிடிபடும். சவாரி என்றால் மட்டும் யாழ்ப்பாணத்தில் முதலில் மாட்டுவண்டிதான் கண்ணில் ஓடும்!

ஒரு கேள்வி: மிதிக்க மிதிக்க மோட்டர் உதவி செய்யும் பற்றரிச் சைக்கிள் உந்துவா, இல்லையா?

— வவுனியா

---

இருவருக்கும் நன்றி.

ஈரோட்டு அன்பருக்கு: இட்டேரியைக் கையில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் யோசித்தேன். அதன் உயிர் அந்த வேலியில் இருக்கிறது. 580 மீட்டர் நீளத்துக்குக் காசல்மன் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் சாலிஸ்பரி பாலத்தை, கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருக்க, இட்டேரி என்று எழுத என் கை வரவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் நாட்டுப்புறத்தில் இருபுறமும் புதர்வேலி அடைத்த சந்து வழிகளுக்கு அப்படியே பொருந்தும். அந்தக் கட்டுரை எழுதும்போது தயங்காமல் எடுத்துக்கொள்வேன். ‘தடம்’ உங்கள் ஊர்ப் பேச்சில் வழி என்ற பொருளிலேயே ஓடுகிறது, அதனால் அந்தப் பாதி ஏற்கெனவே கொங்குக்காரர்களுடையதுதான்.

வவுனியா அன்பருக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட்டுக்கு மிகாமல், 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவியை நிறுத்திக்கொள்ளும் மிதியுதவி வண்டியைச் சட்டம் சைக்கிளாகவே கருதுகிறது. மிதிக்காவிட்டால் நகராது என்பதால் நாமும் மிதிவண்டிக் கணக்கில் வைக்கலாம். கைப்பிடியைத் திருகினாலே ஓடுவது உந்து. சவாரியில் மாட்டுவண்டி தெரிந்தால் பரவாயில்லை, அதுவும் மோட்டார் இல்லாததுதானே.

‘சரளை வண்டி’ (ஆங்கிலத்தில் ‘கிராவல் பைக்’) என்பதை மட்டும் தனியாக வைக்க வேண்டும். அது 38 முதல் 45 எம்.எம். வரை அகலமான டயர், காற்றைக் குறைத்து அடைப்பது, பந்தய வண்டி போலக் கீழே வளைந்த கைப்பிடி என்று ஒரு தனி வகை. அலிகெனியில் சரளைச் சவாரி செய்ய அது கட்டாயமில்லை, கொஞ்சம் அகலமான டயர் போட்ட சாதாரண சைக்கிளே போதும். கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் புது வண்டி வாங்கக் கடைக்கு ஓடக்கூடாது.

கட்டுரையின் முதல் வரி இப்போதைக்கு இப்படி: “கம்பர்லாந்திலிருந்து பிட்ஸ்பர்க் வரை 240 கிலோமீட்டர் நீளும் இந்த உந்துவிலக்குச் சரளைத்தடம், ரயில்கள் கைவிட்ட மலைவழியைச் சைக்கிள்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது.” ‘உந்துவிலக்கு’ முதல்முறை வரும் இடத்தில் ‘மோட்டார் வண்டிகளுக்குத் தடை உள்ள’ என்று ஒரு விளக்கம் சேர்த்துவிடுகிறேன், அடுத்த இடங்களில் தேவைப்படாது.

‘நீர்ப்பிரிமேடு’க்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அதைவிட நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றிரவு கட்டுரையை அனுப்பிவிடுவேன்.

— சென்னை