செயற்கைக் கால் படிப்பு (பி.பி.ஓ., அதாவது செயற்கை உறுப்பு, தாங்கு கருவி செய்யும் இளநிலைப் பட்டப்படிப்பு): சேரும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி:
தங்கை பிளஸ் டூ, கணிதம்-உயிரியல் பிரிவு. செயற்கைக் கால், காலிப்பர் (பலவீனமான காலைத் தாங்கும் கருவி) செய்யும் படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். எத்தனை வருடம்? பட்டறை வேலை அதிகமா?

பதில் 1:
நாலரை வருடம், அதில் கடைசி 6 மாதம் இன்டர்ன்ஷிப். கட்டாக் அருகே ஒலாட்பூர், கொல்கத்தா தேசிய நிறுவனங்களுக்குப் பொது நுழைவுத்தேர்வு உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் இருக்கிறது. முதலில் கல்லூரிக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், படித்தவர் அந்தக் கவுன்சிலில் பதிவில்லாமல் தொழில் செய்வது 1992 ஆர்.சி.ஐ. சட்டப்படி குற்றம்.

பதில் 2:
பட்டறை வேலைதான் இந்தப் படிப்பின் உயிர். முழங்காலுக்குக் கீழ் சாக்கெட் (மீதமுள்ள கால் பகுதி பொருந்தும் செயற்கைக் காலின் கூடு) என்றால், முழங்காலைச் சற்றே மடக்கி வைத்து மாவுக்கட்டில் அச்சு எடுப்பார்கள். அதிலிருந்து வார்த்த பிளாஸ்டர் மாதிரியில், முழங்கால்சில்லுக்குக் கீழுள்ள தசைநார்ப் பகுதியைச் செதுக்க வேண்டும். அங்கே பாரம் தாங்கும். ஃபிபுலா (கீழ்க்காலின் வெளிப்பக்கச் சிறு எலும்பு) தலையிலும் டிபியா (கீழ்க்காலின் பெரிய எலும்பு) முனையிலும் பிளாஸ்டர் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஃபிபுலா தலையருகே ஓடும் நரம்பு அழுந்தி மரத்துப்போகும், எலும்பு முனையில் புண் வரும். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பதில் 3:
அலைன்மென்டையும் (சாக்கெட்டுக்கு நேராகப் பாதத்தை அமைக்கும் விதம்) சேர்த்துக்கொள்ளுங்கள். பாதம் அளவுக்கு மீறி வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் நடக்கையில் முழங்கால் உட்பக்கம் தள்ளப்படும். கல்லூரியைப் பார்க்கப் போனால், ஒரு மாணவர் நோயாளிகளுக்கு நேரடியாக எத்தனை கருவிகள் செய்து பொருத்துகிறார் என்று கேளுங்கள்.