‘இன்கோஏட்’: தொடக்கமா, முடியாததா?

ஏர்முனை: குற்ற முயற்சி, கூட்டுச்சதி, தூண்டுதல் ஆகியவற்றை ஆங்கிலச் சட்டமொழியில் ‘இன்கோஏட் அஃபென்ஸ்’ (inchoate offence) என்பார்கள். அதற்குச் சட்டச் சொற்பட்டியல் ஒன்றில் ‘முற்றுப்பெறாக் குற்றம்’ என்று போட்டிருக்கிறார்கள். தப்பு. ‘தொடக்கநிலைக் குற்றம்’ என்றுதான் வரவேண்டும். லத்தீன் ‘இன்கோஹாரே’ என்றால் தொடங்குதல். அதில் உள்ள ‘கோஹும்’, ஏர்க்காலை நுகத்தோடு கட்டும் வார்; பழைய ரோமானிய அகராதிக்காரர் ஃபெஸ்டஸ் தரும் விளக்கம் இது. ஏர் பூட்டியாச்சு, ஒரு சால்கூட ஓட்டவில்லை, அந்தக் கட்டம். முன்னால் நிற்கும் ‘இன்’ எதிர்மறையே இல்லை. எதிர்மறை என்று நினைத்துத்தான் அமெரிக்க வக்கீல்கள் ‘முற்றுப்பெற்றது’ என்ற பொருளில் ‘கோஏட்’ என்றொரு சொல்லை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

சொல்வேட்டை: அந்த வார் நம்மூர்ப் பூட்டாங்கயிறுதானே?

ஏர்முனை: இல்லைங்க. பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு பிணைப்பது. கோஹும் இருக்கும் இடத்தில் நம் ஏரில் வடக்கயிறு.

வழக்குமொழி: கயிறெல்லாம் சரி, லத்தீனை முழுசாப் பாருங்க. ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் இளவயதுக் குறிப்புகளை ‘இன்கோஹாட்டா’ என்கிறார், ‘ருடியா’ என்பதோடு சேர்த்து. அரைகுறை, செப்பமில்லாதது என்ற பொருளில். முடியாமை அப்போதே உள்ளே வந்துவிட்டது.

அதைவிட முக்கியம், ‘தொடக்கநிலை’ என்றால் படிப்பவர் ஆயத்தத்தையும் சேர்த்துக்கொள்வார். கொள்ளைக்கு ஆயத்தம் மாதிரி சில தவிர, ஆயத்தம் குற்றமே இல்லை. மல்கியத் சிங் வழக்கு ஞாபகமிருக்கா? பஞ்சாபிலிருந்து அனுமதியில்லாமல் நெல் ஏற்றி டெல்லிக்குக் கிளம்பிய லாரியை எல்லை தாண்டும் முன்பே சமல்காவில் மடக்கினார்கள். இது ஆயத்தம்தான், முயற்சியல்ல என்று உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது.

ஏர்முனை: அப்போ கூட்டுச்சதி? இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 61-வது பிரிவில், ஒரு குற்றத்தைச் செய்ய இருவர் உடன்பட்டாலே சதி முடிந்துபோச்சு. முடிந்ததை எப்படி ‘முற்றுப்பெறா’ என்பீர்கள்?

வழக்குமொழி: முற்றுப்பெறாதது சதி அல்ல, அதன் இலக்கு. முயற்சிக்கும் அதே கணக்கு. சன்ஹிதாவின் 62-வது பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 511. தனித் தண்டனை சொல்லாத இடத்தில் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சச் சிறைக்காலத்தில் பாதிவரை கொடுக்கலாம். எட்டாத இலக்கை வைத்துத்தான் அந்தப் பாதி.

சொல்வேட்டை: சட்டத்துக்கு வெளியே இன்னும் குழப்பம். ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லோடு முடிச்சுப்போட்டு ‘உருவமற்ற குழப்பம்’ என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘இன்கோஏட்’டில் உள்ள ‘சி-ஹெச்’சை ‘ச’ என்று படிப்பதும் பிழை, அது ‘க’. தொடக்கத்தைக் குறிக்கும் வேறு ஆங்கிலச் சொற்களும் உண்டு. ‘நேசென்ட்’ (nascent) பிறப்பு என்ற பொருளிலிருந்து வந்தது, வளரப்போவதற்குச் சொல்வது. ‘இன்சிபியன்ட்’ (incipient) நோய்க்குப் பொருந்தும், கண்புரை தொடங்கும்போது டாக்டர் எழுதுவது. மூன்றுக்கும் ‘தொடக்கநிலை’ என்று ஒரே முத்திரை குத்தினால் என்ன பிரயோசனம்? ‘இலக்கு எட்டாக் குற்றம்’ என்று வைத்துவிட்டால் சண்டை தீரும்.

ஏர்முனை: தீராது. தூண்டுதலும் இந்த வகையில்தான் வருது. தூண்டிவிட்ட கொலை நடந்தே முடிந்தாலும் தூண்டியவன் மேல் தூண்டுதல் குற்றம் நிற்கும். அங்கே ‘எட்டா’ எங்கே போய் உட்காரும்?