யார்க்ஷயர் டெரியர் வாங்கலாமா? வீட்டில் 6 வயதுக் குழந்தை இருக்கிறாள்

லெஸ்டர்_மாறன்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறோம். இரண்டு படுக்கையறை வீடு, பின்னால் சின்னதாகத் தோட்டம். மகள் ஒரு வருஷமாக நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்குப் பெரிய நாய் என்றால் பயம். அதனால் சின்ன இனமான யார்க்ஷயர் டெரியர், அதாவது யார்க்கி, வாங்கலாம் என்று முடிவு செய்தோம். இணையத்தில் ஒருவர் 'டீகப் யார்க்கி, வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோ தாண்டாது' என்று விளம்பரம் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வர வேண்டாமாம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கார் பார்க்குக்குக் குட்டியை அவரே கொண்டுவந்து தருகிறாராம். குழந்தையோடு இந்த நாய் ஒத்துப்போகுமா? ரொம்பக் குரைக்குமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஹடர்ஸ்ஃபீல்டு_அக்கா:

தம்பி, முதலில் அந்த கார் பார்க் குட்டியை மறந்துவிடுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியைத் தரகர்கள் விற்கக் கூடாது. குட்டி போட வைத்து வளர்ப்பவரிடமே நேரில் வாங்க வேண்டும். அவரும் குட்டியை, அது பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துக் காட்ட வேண்டும். வீட்டுக்கு வர வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அந்த வீட்டில் நாம் பார்க்கக் கூடாதது ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டீகப்' என்று தனியாக ஒரு வகையும் கிடையாது. நாய் இனங்களுக்கு அளவுகோல் வகுக்கும் கென்னல் கிளப் எழுதி வைத்திருப்பது 3.2 கிலோ வரை. அதில் பாதியாகச் சுருக்கிய குட்டிக்கு எலும்பு, ஈரல், ரத்தத்தில் சர்க்கரை என்று எல்லாவற்றிலும் ஆபத்து கூடும்.

சரி, இனி நாய்க்கு வருவோம். நான் யார்க்ஷயரில், ஹடர்ஸ்ஃபீல்டில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடையில் வேலை. வீட்டில் மிளகு என்று ஒரு யார்க்கி, அவளுக்கு ஒன்பது வயது. இந்த ஊரும் பக்கத்து பிராட்ஃபோர்டும் இந்த இனத்துக்குத் தாய்வீடு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் பிழைப்புத் தேடி யார்க்ஷயரின் ஆலைகளுக்கு வந்தார்கள். தங்கள் ஊரில் வளர்த்த சின்ன டெரியர்களையும் கூடவே கூட்டிவந்தார்கள், எலி பிடிப்பதற்காக. என் அப்பா கோவையில் பஞ்சாலைத் தொழிலாளி. நூல் கோடவுனில் எலி புகுந்தால் என்ன பாடு என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதனாலேயே இந்த நாயின் கதை எனக்கு அந்நியமாகப் படவில்லை.

எங்கள் ஊர் பெயரிலேயே ஒரு நாய் இருந்தது, ஹடர்ஸ்ஃபீல்டு பென். 1865இல் பிறந்தான். பிராட்ஃபோர்டைச் சேர்ந்த மேரி ஆன் ஃபாஸ்டர் என்ற பெண்மணி அவனை ஊர் ஊராகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். எலி கொல்லும் போட்டியிலும் அவனுக்குப் பெயர் இருந்தது. 1871இல் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனான். ஆறே வருஷம். ஆனால் அதற்குள் தன்னைவிடச் சின்னதாக, ஒரே சாயலில் குட்டிகளைக் கொடுத்துவிட்டான். இன்றைய யார்க்கிகளுக்கெல்லாம் அவன்தான் தகப்பன் என்கிறார்கள். அதுவரை 'ஸ்காட்ச் டெரியர்' என்று அழைத்துவந்த நாய்க்கு 'யார்க்ஷயர் டெரியர்' என்ற பெயர் வந்ததும் அவன் காலத்தில்தான், 1870இல்.

கடைக்கு வரும் பலர் யார்க்கியைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். தரையில் விட்டால் அது நடுங்குகிறது. எனக்கு மனசு கேட்பதில்லை, ஏனென்றால் இதன் இயல்பு அது இல்லை. போன அக்டோபரில் ஒருநாள் காலையில் எங்கள் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் மிளகு அசையாமல் நின்றாள். முன்னங்கால் ஒன்று மேலே தூக்கியிருந்தது. காது இரண்டும் விறைப்பு. மூக்கு மட்டும் துடித்தது. குரைப்பே இல்லை. ஒரு பாய்ச்சல், கழுத்தில் ஒரு பிடி, இரண்டு உதறல், எலி கீழே கிடந்தது. 2.9 கிலோ நாய்! யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாயைக் கழுவிவிட்டு, எலிக்காய்ச்சல் தடுப்பூசி தேதி தாண்டவில்லையே என்று அட்டையை எடுத்துப் பார்த்தேன். நீங்களும் வருஷா வருஷம் அந்த ஊசியை விடாதீர்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் குணமெல்லாம் புரியும். குரைக்கும், வாசலில் தபால்காரர் கால் வைக்கும் முன்பே குரைக்கும். தன்னைப்போல் பத்து மடங்கு பெரிய நாயிடமும் எகிறும், அதனால் பூங்காவில் வாரை விடாதீர்கள். தினமும் நடக்க வேண்டும், முகர வேண்டும், தோண்ட வேண்டும். குழந்தையைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி: தரையில் உட்கார்ந்தால்தான் குட்டி மடிக்கு வரும். நின்றுகொண்டு தூக்கக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து நழுவினாலே இதன் கால் உடைந்துவிடும்.

ஊசிமருந்து_நர்ஸ்:

அக்கா சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கழுத்துப் பட்டையில் வார் மாட்டி இழுக்காதீர்கள், மார்பைச் சுற்றும் ஹார்னஸ் வாங்குங்கள். இந்த இனத்துக்கு மூச்சுக்குழாயின் வளையங்கள் தளர்ந்துபோகும் நோய் அதிகம். வாத்து கத்துவதுபோல் இருமினால் அதுவாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். அடுத்தது பல். ஆறு, ஏழு மாதம் ஆகியும் பால் பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நின்றால், இடுக்கில் அழுக்கு சேர்ந்து இரண்டும் கெடும், எடுத்துவிட வேண்டும். தினமும் நாய்ப் பேஸ்டில் பல் தேய்ப்பதைக் குட்டியிலிருந்தே பழக்குங்கள்.

குட்டி வளராமல் இருந்தாலோ, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மந்தமாகி சுவரை வெறித்தாலோ ஈரலுக்குப் போக வேண்டிய ரத்தம் வேறு குழாயில் விலகிப் போகும் குறையாக இருக்கலாம். யார்க்கிகளில் அடிக்கடி பார்க்கிறோம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நம் வீட்டுச் சமையலறை தனிக் கவலை. வெங்காயம், பூண்டு போட்ட எதையும் கொடுக்காதீர்கள், ரத்த அணு சிதையும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பாட்டிகள்தான் பாசத்தில் ஊட்டிவிடுவார்கள்.

பழைய_ரேடியோ:

அம்மாவுக்குச் சொல்ல ஒரு கதை. இரண்டாம் உலகப் போரில் நியூ கினியில் ஒரு பதுங்குகுழியில் கிடைத்த யார்க்கி ஸ்மோக்கி. எடை இரண்டு கிலோகூட இல்லை. அமெரிக்க வீரர் பில் வின் அதை வளர்த்தார். பிலிப்பைன்ஸில் விமான ஓடுபாதைக்கு அடியில் தொலைபேசிக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. எழுபது அடி நீளம், எட்டு அங்குல அகலத்தில் ஒரு குழாய். கழுத்துப் பட்டையில் நூலைக் கட்டிவிட்டதும், அந்தப் பக்கத்திலிருந்து பில் கூப்பிடக் கூப்பிட ஸ்மோக்கி ஊர்ந்து போய்ச் சேர்ந்துவிட்டது. இல்லாவிட்டால் ஓடுபாதையையே தோண்டியிருக்க வேண்டும்.

லெஸ்டர்_மாறன்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. விளம்பரக்காரரிடம் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன், அதோடு பதிலே இல்லை. வேறு ஒரு வீட்டுக்கு நேரில் போனோம். தாயும் நான்கு குட்டிகளும் சமையலறையில் இருந்தன. தாய் எடை மூன்று கிலோ. எட்டு வாரம் ஆனதும் தருகிறேன் என்றார். ஆனால் எல்லாக் குட்டியும் கறுப்பாக இருக்கிறதே? படத்தில் பார்க்கும் நீலச்சாம்பல் நிறம் இல்லையே? முதல் சில நாட்கள் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஹடர்ஸ்ஃபீல்டு_அக்கா:

நல்ல இடம் போலிருக்கிறது தம்பி, மகிழ்ச்சி. கறுப்பும் பழுப்புமாகத்தான் பிறக்கும். இரண்டு, மூன்று வயதுக்குள் முதுகு எஃகுபோல நீலச்சாம்பல் நிறத்துக்கு மாறும், முகமும் காலும் பொன்னிறமாகும். உள்ரோமம் கிடையாது, நம் தலைமுடிபோல ஒரே அடுக்காக வளர்ந்துகொண்டே போகும். அதனால் சோபாவில் அதிகம் உதிராது, பதிலுக்குத் தினமும் சீவ வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குளில், ஹார்னஸ் உரசும் இடத்தில்தான் சிக்கு விழும். தண்ணீரைக் கொஞ்சம் தெளித்து, சிக்கின் அடியை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மேலே வாருங்கள். வேரிலிருந்து இழுத்தால் அடுத்த நாள் சீப்பைப் பார்த்தாலே ஓடிவிடும். கண்காட்சிக்குப் போகப் போவதில்லை என்றால் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை குட்டையாக வெட்டிவிடுங்கள். குளிர்காலத்தில் மழையில் நடக்கும்போது மேலே ஒரு கோட்டு அவசியம்.

முதல் வாரத்தில் ஒன்றே ஒன்றுக்குப் பயப்படுங்கள், பட்டினிக்கு. மிளகு வந்த மூன்றாம் நாள், புது இடம் என்று ராத்திரி சாப்பிடவில்லை. நானும் காலையில் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். விடியற்காலையில் பார்த்தால் கால் பின்னுகிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறது, ஈறு வெளுத்துக் குளிர்ந்து கிடக்கிறது. சர்க்கரை இறங்கியிருக்கிறது. தொலைபேசியில் டாக்டர் சொன்னபடி தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினேன், துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டாக்சி பிடித்தேன். போய்ச் சேருவதற்குள் என் விரலை நக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த இருபது நிமிஷத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நான்கு மாதம் ஆகும்வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள், கடைசி வேளை நீங்கள் படுக்கப் போகும்போது. அவர்கள் போட்டுவந்த அதே தீனியை இரண்டு வாரத்துக்காவது மாற்றாதீர்கள்.

அப்புறம், கழிப்பறைப் பழக்கத்துக்குப் பொறுமை வேண்டும். சின்ன மூத்திரப்பை, தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். உங்கள் அம்மா பகலில் வீட்டில் இருப்பது பெரிய வசதி, குட்டிக்கும் தனிமை இருக்காது.

மிளகு குட்டியாக இருந்தபோது போட்ட ஹார்னஸ் ஒன்று அலமாரியில் இருக்கிறது. குட்டியின் மார்புச் சுற்றளவை நூலால் அளந்து தனிச்செய்தியில் அனுப்புங்கள். சரியாக இருந்தால் துவைத்துத் தபாலில் போட்டுவிடுகிறேன்.